தோட்ட வேலையின்போது கொசுத் தொல்லை: எந்த அறிகுறிக்கு என்ன வழி

கொசு கடித்ததும் கை தானாகப் போய் அடித்துவிடுகிறது. அடித்ததை உதறிவிட்டு மறுபடியும் மண்ணைக் கிளறத் தொடங்கிவிடுகிறோம். அடுத்த முறை உதறாதீர்கள். உள்ளங்கையில் ஒட்டியிருப்பதைக் கண்ணருகே கொண்டுவந்து ஒரு கணம் பாருங்கள். உடல் கறுத்து, கால்களில் வெள்ளை வளையங்கள் அடுத்தடுத்து இருந்தால் அது ஏடிஸ். வளையம் தெளிவாகத் தெரியாமல் மங்கிய பழுப்பு நிறத்தில் இருந்தால் பெரும்பாலும் கியூலெக்ஸ். இதைத் தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி. இரண்டும் பிறக்கும் தண்ணீர் வேறு, கடிக்கும் நேரம் வேறு. அதனால் விரட்டும் வழியும் வேறு.

குரோம்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் நாற்பது தொட்டிகள் இருக்கின்றன. கீழே கிணற்றடியில் ஒரு வாழைக் குத்து, ஒரு முருங்கை, ஒரு பாகற்பந்தல். பன்னிரண்டு ஆண்டுகளாக இவற்றோடு வாழ்கிறேன். வேப்பெண்ணெய், நொச்சி, சாம்பிராணி, பூண்டு, எலுமிச்சை, கற்பூரம் என்று யார் எதைச் சொன்னாலும் செய்து பார்த்திருக்கிறேன். சில கொஞ்ச நேரத்துக்கு நன்றாகவே வேலை செய்கின்றன. சில செய்வதே இல்லை. ஒன்றிரண்டு உடம்பைக் கெடுத்தன. இப்படி வீட்டில் கலந்து மேலுக்குப் பூசும் எதுவும் ஒரு மணி நேரக் காவல்தான். அந்த ஒரு மணி நேரத்துக்குள் கொசு பிறக்கும் தண்ணீரைத் தேடிக் கொட்டிவிட வேண்டும் என்பதே நான் கண்டது. கீழே உள்ளவற்றில் உங்கள் வீட்டு அறிகுறி எதுவோ அதிலிருந்து தொடங்குங்கள்.

காலை ஏழு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் கடிக்கிறது. கடியெல்லாம் முழங்காலுக்குக் கீழே

இது ஏடிஸ். பொழுது விடிந்த பிறகு இரண்டு மணி நேரமும், பொழுது சாய்வதற்கு முந்தைய இரண்டு மணி நேரமும் இதற்கு வேட்டை நேரம். நாம் செடிக்குத் தண்ணீர் விடுவதும் அதே நேரத்தில்தான். தாழப் பறந்து வந்து கணுக்காலையும் பாதத்தையும் பிடிக்கும். ரீங்காரம் அவ்வளவாகக் கேட்காது. சுருக்கென்ற பிறகுதான் தெரியும்.

இந்தக் கொசுவைப் பற்றி முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது, இது தொலைதூரத்திலிருந்து வருவதில்லை. பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து நூறு, இருநூறு மீட்டருக்குள்ளேயே வாழ்ந்து முடித்துவிடும். அதனால் சாக்கடையைப் பார்த்துக் கோபப்பட்டுப் பயனில்லை. சாக்கடை நீர் இதற்கு ஆகாது. தேங்கிய நல்ல தண்ணீர்தான் வேண்டும். அது உங்கள் தோட்டத்திலோ அடுத்த வீட்டிலோ இருக்கிறது.

எங்கே தேடுவது? தொட்டிக்கு அடியில் வைத்திருக்கும் தட்டைத்தான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள். அதைத் தாண்டிப் பாருங்கள். பாதித் தண்ணீரோடு மூலையில் நிற்கும் பூவாளி. மேல்விளிம்பைச் சுருட்டி மடித்த குரோ பேக்கின் மடிப்பு. உரம் வந்த காலி வாளி. மழைக்குப் போர்த்திய தார்ப்பாயின் பள்ளம். தேங்காய் உடைத்துப் போட்ட கொட்டாங்கச்சி. வேர் விடட்டும் என்று வெற்றிலைக் கொடியைப் போட்டு வைத்த கண்ணாடிப் பாட்டில். இவற்றில் ஒரு கைப்பிடித் தண்ணீர் இருந்தாலே போதும்.

ஒருமுறை இவை அனைத்தையும் கொட்டிவிட்டும் எனக்குக் கடி குறையவில்லை. ஐப்பசி மழை விட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. பாகற்பந்தலுக்கு நட்டிருந்த மூங்கில் கம்புகளில் ஒன்றின் தலையில் டார்ச் அடித்துப் பார்த்தேன். கணுவுக்கு நான்கு விரல் மேலே வெட்டியிருந்ததால் அந்தக் குழல் ஒரு சின்னக் குவளையாகி, விளிம்புவரை மழைநீர் நின்றது. வெளிச்சம் பட்டதும் கருநிறத் துணுக்குகள் வளைந்து வளைந்து அடியை நோக்கி ஓடின. பதினாறு கம்புகளில் ஒன்பதில் அப்படி இருந்தது. ஆற்று மணலை விளிம்புவரை போட்டு அடைத்தேன். அடுத்த பத்து நாட்களில் மாலை வேலை பார்ப்பது எவ்வளவு நிம்மதியாகிவிட்டது என்பதைச் சொல்லி முடியாது. புதிதாகக் கம்பு வாங்குகிறவர்கள் கணுவை ஒட்டியே வெட்டித் தரச் சொல்லுங்கள். இந்தத் தொல்லையே வராது.

தண்ணீரைக் கொட்டிய பிறகும் ஒரு வேலை மீதம் இருக்கிறது. ஏடிஸ் தன் முட்டைகளைத் தண்ணீரில் மிதக்கவிடாது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் ஒட்டி வைக்கும். அந்த முட்டை காய்ந்துபோனாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரிந்துவிடும். வெயில் காலம் முழுக்கக் காய்ந்து கிடந்த வாளியில் முதல் மழைக்கே புழு துள்ளுவது இதனால்தான். ஆகவே தட்டு, வாளி, பூவாளி எதுவானாலும் தேங்காய் நாரால் உள்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவி, வெயிலில் கவிழ்த்து வையுங்கள். முட்டையிலிருந்து கொசுவாக நம் ஊர் வெப்பத்துக்கு ஏழு முதல் பத்து நாட்கள் ஆகும். வாரத்தில் ஒரு நாளை இதற்கென்று வைத்துக்கொண்டால் புழு கொசுவாக வாய்ப்பே இல்லை. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை. வாசல் கழுவும் கையோடு மாடிக்கும் போய்விடுவேன்.

எல்லாம் கொட்டிக் கழுவியாயிற்று, இருந்தும் அதே வளையக்கால் கொசு

அடுத்த வீட்டில் இருக்கிறது. இதைச் சொல்வதற்குச் சங்கடப்பட வேண்டாம். சொல்லும் விதம்தான் முக்கியம். "உங்கள் வீட்டுக் கொசு" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். நான் பக்கத்து வீட்டு மாடியில் மூடியில்லாத பழைய சின்டெக்ஸ் தொட்டியைப் பார்த்துவிட்டு, ஒரு கிண்ணம் வெண்டைக்காயோடு போனேன். "அக்கா, ரெண்டு வீட்டுக்கும் சேர்த்து இந்த வெள்ளிக்கிழமை ஒருமுறை பார்த்துவிடலாமா? பிள்ளைகள் மாலையில் மாடியில்தானே விளையாடுகிறார்கள்" என்றேன். அவரே வேட்டித் துணியை நான்காக மடித்துக் கொண்டுவந்து தொட்டியின் வாயில் கட்டினார். துணி கட்டும்போது தளரக் கட்டக் கூடாது. நடுவில் பள்ளம் விழுந்தால் மழைநீர் அந்தத் துணியின் மேலேயே நிற்கும்.

வேப்பெண்ணெய் தடவிக்கொண்டும் கடிக்கிறது

முதலில் கலவையைப் பாருங்கள். 100 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு 2 மில்லி வேப்பெண்ணெய், அதாவது ஏறக்குறைய நாற்பது சொட்டு. இதுதான் இரண்டு விழுக்காடு. 1990-களில் இந்தியாவில் நடந்த கள ஆய்வுகளில் இந்த அளவுக் கலவை, மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் கொசுவை நன்றாகவே தடுத்தது. ஆனால் பகலில் கடிக்கும் ஏடிஸிடம் அதே பலனை எதிர்பார்க்கக் கூடாது. இந்த வேறுபாடு தெரியாமல்தான் பலர் "வேப்பெண்ணெய் சுத்தப் பொய்" என்று சொல்லிவிடுகிறார்கள். பொய்யில்லை, எல்லாக் கொசுவுக்கும் ஒரே அளவு வேலை செய்வதில்லை, அவ்வளவுதான்.

அடுத்து, எங்கே தடவினீர்கள்? கையிலும் கழுத்திலும் தடவிவிட்டுக் காலை மறந்துவிடுகிறோம். கணுக்கால் எலும்பைச் சுற்றி, குதிகாலுக்கு மேலே, கால்விரல் இடுக்கு, காதுமடலின் பின்புறம், முழங்கை என்று ஒன்றுவிடாமல் பூச வேண்டும். கொசு, விரட்டி பூசிய தோலை விட்டு இரண்டு அங்குலம் தள்ளிப் பூசாத இடத்தில் கடித்துவிட்டுப் போகும். முழு உடம்புக்கும் பூச்சு வேலி போடாது. பூசிய இடத்துக்கு மட்டும்தான் காவல்.

மூன்றாவது வியர்வை. மண்வெட்டி பிடித்து அரை மணி நேரம் கொத்தினால் பூசியதில் பாதி வழிந்துவிடும். அதோடு கொசுவை நம்மிடம் அழைத்து வருவதே நாம் விடும் மூச்சுக்காற்றின் கரியமில வாயுவும், உடல் சூடும், வியர்வையின் மணமும்தான். உழைக்க உழைக்க மூன்றும் கூடும். ஆகவே குழி தோண்டுவது, மண் சுமப்பது போன்ற கடினமான வேலையை வெயில் ஏறிய பத்து மணிக்கு மேல் வைத்துக்கொண்டு, ஏடிஸ் நேரத்தில் விதை போடுவது, காய் பறிப்பது போன்ற இலேசான வேலையைச் செய்யலாம். கோடையில் இது எல்லோருக்கும் முடியாது. தை, மாசியில் முடியும்.

முதல் இருபது நிமிடம் ஒன்றும் இல்லை, பிறகு சூழ்ந்துகொள்கிறது

சிட்ரோனெல்லா, எலுமிச்சைப் புல், யூகலிப்டஸ் எண்ணெய்களைப் பூசுகிறவர்கள் சொல்வது இது. எண்ணெயில் குறையில்லை. அவை காற்றில் ஆவியாவதால்தான் மணக்கின்றன. மணப்பதால்தான் கொசுவை விரட்டுகின்றன. ஆவியாகி முடிந்ததும் காவலும் முடிந்தது. 2002-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஓர் ஒப்பீட்டில், சிட்ரோனெல்லா கலந்த பூச்சுகள் இருபது நிமிடம்கூடத் தாங்கவில்லை. அதே சோதனையில், 23.8 விழுக்காடு டீட் என்ற கொசு விரட்டி வேதிப்பொருள் கலந்த பூச்சு சராசரியாக ஐந்து மணி நேரம் தாங்கியது. கையில் கட்டும் கொசு விரட்டி வளையங்கள் ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. பிள்ளைகளுக்கு அவற்றை வாங்கிக் கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வீட்டில் செய்யும்போது ஆவியாவதைக் கொஞ்சம் தாமதப்படுத்த முடியும். தண்ணீரில் கலக்காமல் எண்ணெயில் கலக்க வேண்டும். தண்ணீரில் கலந்தால் எண்ணெய் மேலே மிதக்கும். தெளிப்பான் அடியிலிருந்து வெறும் தண்ணீரைத்தான் உறிஞ்சித் தெளிக்கும். கடைசியில் மிஞ்சும் ஒரு பீய்ச்சலில் எண்ணெய் முழுதும் ஒரே இடத்தில் விழுந்து எரியும். 100 மில்லி தேங்காய் எண்ணெயில் 5 மில்லி சிட்ரோனெல்லா எண்ணெய் என்பது என் அளவு. மரச்செக்கு எண்ணெயோ கடை எண்ணெயோ, எதுவானாலும் சரி. ஒருமுறை பூசியதும் கடிகாரத்தைப் பாருங்கள். அரை மணிக்கு ஒருமுறை மறுபடி பூச முடியும் என்றால் இது உங்களுக்கு ஏற்றது. கையெல்லாம் மண்ணாக இருக்கும்போது அது நடக்காது என்றால், அன்றைய வேலையை அரை மணி நேரத்தில் முடித்துக்கொள்ளுங்கள்.

பூண்டு நிறையத் தின்றால் கொசு அண்டாது, வைட்டமின் மாத்திரை போட்டால் அண்டாது என்பவற்றுக்குச் சான்று இல்லை. சமையலுக்குப் பூண்டு நல்லது. கொசுவுக்காகத் தின்ன வேண்டாம்.

முதுகில் மட்டும் கடிக்கிறது

குனிந்து வேலை செய்யும்போது சட்டை முதுகோடு இறுகி ஒட்டிக்கொள்கிறது. கொசுவின் ஊசி மெல்லிய துணியைத் துளைத்துவிடும். இறுக்கமான லெக்கிங்ஸ் அணிந்தவர்களுக்குத் தொடையில் கடி விழுவதும் இதே காரணத்தால்தான். தொளதொளவென்ற, வெளிர்நிற, முழுக்கைப் பருத்திச் சட்டை போதும். கறுப்பும் அடர்நீலமும் ஏடிஸை ஈர்க்கும். என் கணவரின் பழைய வெள்ளைச் சட்டைகளைத்தான் தோட்டத்துக்கென்று வைத்திருக்கிறேன். காலுறையை கால்சட்டைக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டால் கணுக்கால் பிரச்சினை பாதி தீரும். சேலையோ நைட்டியோ அணிகிறவர்கள் உள்ளே ஒரு கால்சட்டையும் காலுறையும் போட்டுக்கொள்வது எந்த எண்ணெயையும்விட மேலானது. இதைச் சொன்னால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இந்தக் குறிப்பில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன்.

பூசிய இடம் சிவக்கிறது, எரிகிறது, கருந்திட்டு விழுகிறது

உடனே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நிழலுக்கு வாருங்கள். எதைப் பூசினீர்கள் என்று பார்ப்போம்.

எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் கையில் தேய்த்துக்கொண்டு வெயிலில் இறங்கியிருந்தால், அதுதான் காரணம். எலுமிச்சைத் தோலிலும் சாற்றிலும் உள்ள ஒரு பொருள், வெயில் பட்டதும் நம் தோலைச் சுட்டுவிடும். அன்றே தெரியாது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ சிவந்து, சில நேரம் கொப்புளித்து, பிறகு பழுப்புத் திட்டாகி வாரக்கணக்கில் நிற்கும். என் தங்கை மகளுக்கு முன்கையில் சாறு வழிந்த கோடு அப்படியே கோடாகக் கறுத்திருந்தது. சூடு வைத்ததோ என்று பார்த்தவர்களெல்லாம் பதறினார்கள். நார்த்தங்காய்க்கும் இதே எச்சரிக்கை. பழச்சாறு எதையும் தோலில் பூசிக்கொண்டு வெயிலுக்குப் போக வேண்டாம்.

வேப்பெண்ணெயையோ வாசனை எண்ணெயையோ கலக்காமல் நேராகப் பூசியிருந்தால் சிலருக்கு எரியும், தடிக்கும். புதிய கலவை எதுவானாலும் முதல் நாள் முழங்கையின் உள்மடிப்பில் ஒரு சொட்டு வைத்து, ஒரு நாள் காத்திருந்து பிறகு பயன்படுத்துங்கள்.

குழந்தைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் கரைத்துப் பூசும் வழக்கம் நம்மிடம் உண்டு. கற்பூரம் வயிற்றுக்குள் போனால் சிறு பிள்ளைகளுக்கு வலிப்பு வரக்கூடும். அப்படி வருவதற்குச் சிறிய அளவே போதும். வேப்பெண்ணெயைக் கைக்குழந்தைகளுக்கு உள்ளே கொடுத்து உயிருக்கே ஆபத்தான நிகழ்வுகளும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. கைவிரலைச் சப்பும் வயதுப் பிள்ளைக்கு இவை எதையும் பூசாதீர்கள். முழுக்கைச் சட்டை போட்டு, தொட்டிலுக்கோ தள்ளுவண்டிக்கோ வலை போட்டால் போதும். பாட்டிலை எட்டாத உயரத்தில் வையுங்கள். தேங்காய் எண்ணெய் என்று நினைத்து வேறு யாரும் எடுத்துவிடாதபடி அதன்மேல் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

புகை போட்டால் கொசு போகவில்லை, இருமல்தான் வருகிறது

நொச்சி, வேப்பிலை, சாம்பிராணி மூன்றும் மூடிய மாட்டுக்கொட்டிலில் வேலை செய்தவை. தாத்தா காலத்தில் புகைமூட்டம் போட்டபோது கூரையும் சுவரும் புகையைப் பிடித்து வைத்தன. திறந்த மாடியில் காற்று அதை ஒரு நிமிடத்தில் கொண்டுபோய்விடும். புகை இருக்கும் இடத்தில் கொசு குறைவது உண்மை. ஆனால் அந்த இடத்தில் நாமும் நின்று அந்தப் புகையைத்தான் மூச்சில் இழுக்க வேண்டும். கொசுவர்த்திச் சுருளும் அப்படித்தான். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளியாகும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று ஆய்வில் அளந்திருக்கிறார்கள். ஆஸ்துமா, மூச்சிரைப்பு உள்ளவர்கள் புகையை விட்டுவிடுவதே நல்லது.

புகை போட்டே ஆக வேண்டும் என்றால் காற்று வரும் பக்கத்தில் தூபக்காலை வைத்து, நான்கைந்து முழம் தள்ளி உட்காருங்கள். பச்சை இலையைக் குவிக்காதீர்கள். பாதி காய்ந்த நொச்சி இலை ஒரு பிடி போதும். உர மூட்டை, பிளாஸ்டிக், முட்டை அட்டை எதையும் சேர்த்து எரிக்க வேண்டாம்.

இதற்கு மாற்றாக நான் கைகொண்டது மின்விசிறி. கொசு மணிக்கு இரண்டு கிலோமீட்டர் அளவில்தான் பறக்கும். பழைய மேசை விசிறி கொடுக்கும் காற்றை எதிர்த்து அதனால் வர முடியாது. அதோடு நம் மூச்சுக்காற்றும் வியர்வை மணமும் ஒரே இடத்தில் நிற்காமல் கலைந்துவிடுகின்றன. நாற்று பிரிக்கும்போதும் தொட்டி மாற்றும்போதும் ஓரிடத்தில்தானே உட்கார்ந்திருக்கிறோம். விசிறியைக் காலுக்கு நேராகத் தரையில் வைத்துவிடுவேன். ஒயரில் ஒட்டுப் போட்ட இடம் இருந்தால் ஈரத்தரையில் வைக்காதீர்கள். தண்ணீர் ஊற்றும் வேலையின்போது செருகியையே பிடுங்கிவிடுங்கள்.

கொசு விரட்டும் செடிகளை வைத்தும் கொசு குறையவில்லை

துளசி, நொச்சி, கற்பூரவல்லி, எலுமிச்சைப் புல், துலுக்கச் சாமந்தி எல்லாம் நல்ல செடிகள். ஆனால் தொட்டியில் சும்மா நிற்கும் செடி, கொசுவை விரட்டும் அளவுக்கு மணத்தைக் காற்றில் விடுவதில்லை. எண்ணெய் இலைக்குள் அடைபட்டிருக்கிறது, கசக்கினால்தான் வெளிவரும். சென்னை மாநகராட்சி 2010-களில் கால்வாய் ஓரக் குடியிருப்புகளுக்கு நொச்சிக் கன்றுகளைக் கொடுத்தது நினைவிருக்கும். எங்கள் தெருவுக்கு வந்த கன்றுகளில் இரண்டு இன்றும் செழித்து நிற்கின்றன. அதன் நிழலில் நின்றால் கொசு கடிக்கத்தான் செய்கிறது. இலையைக் கசக்கிக் கையில் தேய்த்துக்கொண்டால் சற்று நேரம் கடிக்காது. அந்தச் சற்று நேரத்துக்காகவே நொச்சியை வைத்திருக்கலாம். தலைவலிக்கு ஆவி பிடிக்கவும் இலை வேண்டுமே.

செடி கூடக் கூடக் கொசுவுக்கு ஓய்விடமும் கூடுகிறது என்பதையும் மறக்கக் கூடாது. பகல் வெயிலில் கொசு இலைக்கு அடியிலும் ஈரமான நிழலிலும் ஒட்டிக்கொண்டு கிடக்கும். வாழையின் காய்ந்த சருகை அறுத்துவிடுங்கள். தொட்டிகளுக்கு இடையே ஒரு முழம் இடம் விடுங்கள். தக்காளி, கத்தரியில் தரையைத் தொடும் அடியிலைகளைக் கிள்ளிவிடுங்கள். மாலையில் ஊற்றும் தண்ணீரைக் காலைக்கு மாற்றினால் இரவு முழுக்கத் தோட்டம் ஈரத்தில் ஊறிக் கிடக்காது. பூஞ்சை நோயும் குறையும்.

தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்து வளர்க்கும் அதிர்ஷ்ட மூங்கிலையும் பாருங்கள். 2001-இல் சீனாவிலிருந்து கப்பலில் கலிஃபோர்னியா போன இந்தச் செடிகளோடுதான் ஏடிஸ் வகையான ஆசியப் புலிக்கொசு அங்கே போய் இறங்கியது. வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றி, வேரையும் கூழாங்கல்லையும் கழுவுங்கள்.

பகலில் தொல்லை இல்லை; இருட்டியதும் படையாக வருகிறது

இது பழுப்புக் கியூலெக்ஸ். அழுக்குத் தண்ணீர்தான் இதற்குப் பிடித்தம். கழிவுநீர்த் தொட்டியிலிருந்து மேலே போகும் காற்றுக்குழாயின் வாயைப் பாருங்கள். திறந்திருந்தால் நைலான் வலையை இரண்டாக மடித்துக் கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். எங்கள் தெருவில் இந்த ஒரு வேலையால் பலன் கண்ட வீடுகள் பல.

தோட்டக்காரர்கள் தங்களை அறியாமல் இந்தக் கொசுவை வளர்க்கும் இடம் வேறொன்று இருக்கிறது. கடலைப் புண்ணாக்குக் கரைசல், சாணக் கரைசல், ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம் போன்ற உரக் கரைசல்கள், காய்கறிக் கழிவை ஊறவைத்த வாளி. அழுகும் கரிமப்பொருளின் மணம் முட்டையிடத் தேடும் கியூலெக்ஸை இழுக்கும். ஆய்வாளர்கள் இந்தக் கொசுவைப் பொறி வைத்துப் பிடிக்கும்போது வைக்கோலை ஊறவைத்த தண்ணீரைத்தான் ஊற்றுகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பொறியில் ஊற்றுவது போன்ற தண்ணீரை நாம் பொறியில்லாமல் திறந்து வைத்திருக்கிறோம். கரைசல் வாளிக்குக் காற்று வேண்டும், ஆகவே இறுக மூட முடியாது. பழைய வேட்டித் துணியைப் போட்டு வாயைச் சுற்றி நாடாவால் கட்டுங்கள். கலக்கிவிட்ட பிறகு மறுபடி கட்ட மறக்கக் கூடாது. தேவைக்கு மிஞ்சிக் கரைசல் தயாரிக்காதீர்கள். ஒரு வாரத்துக்கு மேல் கிடந்த புண்ணாக்குத் தண்ணீரை இரட்டிப்பு நீர் சேர்த்து மரங்களுக்கு ஊற்றி முடித்துவிடுங்கள்.

தண்ணீரைக் கொட்டவே முடியாது: தாமரைத் தொட்டி, அசோலா

தாமரைத் தொட்டிக்குக் கப்பி மீன் நான்கைந்து விட்டால் போதும். மீன் விற்கும் கடைகளில் எளிதாகக் கிடைக்கும், விரைவில் பெருகும், கொசுப்புழுவை ஒன்றுவிடாமல் தின்னும். அதிகமாகத் தீனி போட்டால் புழுவைத் தேட மாட்டா. பெருகியவற்றை ஏரியிலோ குளத்திலோ கொண்டுபோய் விடாதீர்கள். அங்குள்ள நாட்டு மீன்களுக்கு அது கேடு. அக்கம்பக்கத்துத் தொட்டிகளுக்குக் கொடுங்கள்.

நீரில் மிதந்து வளரும் தீவனச் செடியான அசோலா, தொட்டியின் நீர்ப்பரப்பை முழுக்க மூடியிருக்கும்வரை கொசு முட்டையிட இடமில்லை. பாதியை அள்ளி மாட்டுக்கோ கோழிக்கோ போட்ட பிறகு திறந்து கிடக்கும் அந்த ஒரு வாரம்தான் ஆபத்து. ஒரு மூலையிலிருந்து மட்டும் அள்ளாமல் பரவலாக, கொஞ்சம் கொஞ்சமாக அள்ளுங்கள்.

மீன் விட முடியாத இடத்துக்குப் பி.டி.ஐ. என்ற நுண்ணுயிர் மருந்து இருக்கிறது. 1976-இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் தேங்கிய நீரில் கண்டெடுத்த பாக்டீரியா அது. கொசுப்புழு தின்றால் அதன் குடல் கெட்டுச் சாகும். மீனுக்கும் செடிக்கும் மனிதருக்கும் தீங்கில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: முட்டைக்கோஸ் புழுவுக்கென்று நாம் வாங்கி வைத்திருக்கும் பி.டி. வேறு வகை. அதைக் கரைத்து ஊற்றினால் கொசுப்புழு சாகாது. உறையில் "இஸ்ரேலென்சிஸ்" என்ற பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எண்ணெய் ஊற்றுவதைக் கடைசியில் சொல்கிறேன். மீனும் செடியும் இல்லாத, குடிக்கவோ குளிக்கவோ பயன்படுத்தாத தேக்கத்தில் ஒரு கரண்டித் தேங்காய் எண்ணெய் மெல்லிய படலமாகப் பரவினால், மூச்சுக்காக மேலே வரும் புழுவும் கூட்டுப்புழுவும் திணறிச் சாகும். மழை பெய்து நிரம்பி வழிந்தால் படலம் போய்விடும், மறுபடி ஊற்ற வேண்டும்.

ஈஸ்ட்டும் சர்க்கரையும் போட்ட பாட்டில் பொறியில் ஒன்றும் விழவில்லை

விழாது. அதிலிருந்து வரும் கரியமில வாயு மிகக் குறைவு. பக்கத்தில் நாம் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போது கொசு பாட்டிலுக்குப் போகாது. மஞ்சள் ஒட்டு அட்டை வெள்ளை ஈக்கும் அசுவினிக்கும் நல்லது, கொசுவுக்கு ஆகாது.

கொசுவையே காணோம், ஆனால் உடம்பெல்லாம் அரிப்பு

முருங்கைக்குக் கீழே வேலை செய்தீர்களா? கம்பளிப்பூச்சியின் உரோமம் பட்டிருக்கும். சொறியாதீர்கள். பசை நாடாவை ஒட்டி எடுத்தால் உரோமம் அதோடு வரும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தென்னை நார்க்கழிவில் கை வைத்த பிறகு விரலிடுக்கில் மட்டும் கடித்தால் எறும்பு. கையுறை போதும்.

கடித்த சில நாட்களில் காய்ச்சல்

வளையக்கால் கொசு கடித்து நான்கிலிருந்து பத்து நாட்களுக்குள் திடீரென்று கடுங்காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டுவலி என்று வந்தால் டெங்குவாக இருக்கலாம். 2017-இல் தமிழ்நாட்டில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்தக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் தொடங்கிய தேதியை எழுதி வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். மருத்துவர் பார்க்கும்வரை காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் இரத்தக்கசிவைக் கூட்டும், தொடவே வேண்டாம். காய்ச்சல் விட்டதும் தேறிவிட்டதாக நினைத்துவிடுகிறோம். ஆபத்து அந்த நேரத்தில்தான் தொடங்குகிறது. வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம், எழ முடியாத சோர்வு இவற்றில் எது இருந்தாலும் இரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.

காய்ச்சல்காரரைத் தோட்டத்துக்கு அனுப்பாதீர்கள். காய்ச்சலின் முதல் ஐந்தாறு நாட்களில் அவரைக் கடிக்கும் ஏடிஸ் கொசு அந்தக் கிருமியை எடுத்துக்கொண்டு, ஒன்றிரண்டு வாரத்தில் வீட்டில் மற்றவர்களுக்குக் கொடுக்கும். அவர் பகலில் படுத்திருக்கும்போதும் கொசுவலை கட்டுங்கள். இரவு வலை மட்டும் போதாது, இது பகலில் கடிக்கும் கொசு. வலையைக் கட்டிவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், அந்த வாரத்து வெள்ளிக்கிழமை வரும்வரை காத்திராமல் தட்டுகளையும் வாளிகளையும் மூங்கில் தலைகளையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.